நாலு நாள் நான் வைத்திருந்த செய்தி

மகனே,

நேற்று செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்பு, உன் அம்மா உன் திருமணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். ஆதாரம்: அவளேதான். காலையில் தனியாகக் கிளம்பி, ஆற்றுப் பாலம் தாண்டித் தன்லியின் ஊருக்குப் போனவள், பஸ்ஸில் திரும்பிவந்து பசுந்தாங்கில் நம் வீட்டின் மூன்று மாடியையும் ஏறி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்: "புள்ளைக்கு எழுதுங்க. நூராயினிய கட்டிக்கட்டும். நிக்காஹுக்கு நானும் வர்றேன்." எனக்குச் சட்டென்று நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். "ஏன், காது கேக்கலியா? இல்ல, ரெண்டாவதா ஒரு ஆளு வந்து சொன்னாத்தான் எழுதுவீங்களா?" என்றாள். ஏழு மாதமாக இந்த வீட்டில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தக் கேலியோடு விலகியது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போய் முகம் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அம்மா சம்மதிக்காமல் நிக்காஹ் செய்துகொள்ள மாட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். நூராயினியின் வீட்டார் நோன்புப் பெருநாள் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அம்மா ஏன் மறுக்கிறாள் என்று நீ கேட்டபோதெல்லாம் நான், "தூரம் என்று பயப்படுகிறாள்" என்று பதில் எழுதினேன். அது முழு உண்மையல்ல. முழுவதும் தெரிந்தே பாதியை எழுதினேன். அந்தப் பெண்ணின்மீது அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "கடலு தாண்டி இருக்குற ஊர்ல எம் மவனுக்கு நல்லதோ கெட்டதோ நடந்தா, எனக்கு யாரு சொல்லுவா? நீங்களா?" அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பின்னால் ஏழு வருடம் இருக்கிறது. அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. உனக்குத் திருமணம் ஆகப்போகிறது என்பதால் இப்போது சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். ஏனென்றால், அந்த நாட்களில் நம் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து உனக்காக யாசீன் ஓதியவர்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அவர்களிடமும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் எண்பத்தெட்டாம் வருடம். உனக்கு அப்போது ஏழு வயது. பர்மா முழுவதும் கலவரமாகி ஊர் அடைபட்டுக் கிடந்த வாரங்கள். கடைகள் இல்லை, பஸ் இல்லை, பத்திரிகை அலுவலகத்துக்கு நான் நடந்து போய் நடந்து வந்துகொண்டிருந்தேன். நம் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்த செய்னம்பு லாத்தாவின் மகன் வெளியே போனவன் ஒரு வாரமாகத் திரும்பவில்லை. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் எனக்குத் தெரிந்த ஒருவர், அவனைப்போல ஒரு பையன் ஆற்றைக் கடந்து போகும் படகில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். நான் ஓட்டமாக வந்து லாத்தாவிடம், "உங்க மகன் பத்திரமா இருக்கான், அக்கரைக்குப் போயிட்டான்" என்றேன். "அவனைப்போல" என்ற சொல்லை வழியிலேயே விட்டுவிட்டேன். அவர் அன்று ஒரு பெரிய சட்டி நிறையத் தேங்காய்ப்பால் ஊற்றிய கவுசுவை நூடுல்ஸ் ஆக்கி எல்லா மாடிக்கும் கொடுத்தனுப்பினார். நீயும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாய். மூன்றாம் நாள் வேறு விதமான செய்தி வந்தது. அதற்குச் சாட்சி இரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பையன் திரும்பி வரவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு விதியை வைத்துக்கொண்டேன். ஒருவர் சொன்னது செய்தி ஆகாது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் சொல்ல வேண்டும். கப்பல் செய்தி எழுதுகிறவனுக்கு அது நல்ல விதி. எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எது தாமதம் என்று இருபது வருடம் எழுதினேன். திருத்தம் போட்டது மிகச் சில தடவைதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். அதுதான் தப்பு.

ஏழு வருடத்துக்கு முன்பு, நீ வேலை பார்த்த கப்பல் பயறு ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் புறப்பட்டது. சேர வேண்டிய நாளில் சேரவில்லை. பத்து நாள் கழித்து, கப்பலின் பெயர் எழுதிய மிதவை வளையம் ஒன்றை மீன்பிடிப் படகு ஒன்று எடுத்ததாக ஏஜெண்ட் ஆபீஸில் சொன்னார்கள். அது உறுதியான செய்தி, இரண்டு ஆதாரம் இருந்தது. அன்றே உன் அம்மாவிடம் சொன்னேன். கெட்ட செய்தியை உடனே சொல்லிவிட்டேன் என்பதைக் கவனி. உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு, இறந்தவர்களுக்காக ஓதும் யாசீனை ஓதினார்கள். உன் பெரிய மாமா, உடல் கிடைக்காதவனுக்குப் பள்ளிவாசலில் தொழும் காயிப் ஜனாஸாவை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகப் பேச்செடுத்தார். உன் அம்மா உன் பழைய சட்டை ஒன்றை மடியில் வைத்து அதன் பொத்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில், துறைமுக வாசலுக்கு எதிரே நான் வழக்கமாக உட்காரும் தேநீர்க்கடைக்கு லத்தீப் வந்தான். தன்லியின்காரன், சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை. அவன் கப்பல் சுமத்ராவின் பெலவான் துறைமுகத்திலிருந்து முதல்நாள்தான் வந்திருந்தது.

"காக்கா, ஒங்க மவன் உசுரோட இருக்கான்."

"நீ பார்த்தாயா?"

"பாக்கல. பெலவான்ல மீன் வாங்குற ஒருத்தரு சொன்னாரு. வடக்கால ஒரு சின்ன ஊரு, சேத்துக் கரை. அங்க கடலுக்குள்ள மரம் நட்டு மேடை கட்டி மீன் புடிக்கிறாங்களாம். அந்த மேடைக்காரங்க ரெண்டு பர்மாக்காரங்கள கடல்லேருந்து தூக்கியிருக்காங்க. ஒருத்தன் தொழுவுறானாம்."

"பெயர்?"

"பேரெல்லாம் தெரியாது காக்கா. நான் கேட்டத சொல்றேன்."

உன் கப்பலில் ஒன்பது பேர். அதில் தொழுகிறவர்கள் இரண்டு பேர்: நீயும், சமையல்காரரும். கரையேறியவன் சமையல்காரராக இருந்தால்? எனக்குச் செய்னம்பு லாத்தாவின் கவுசுவைச் சட்டிதான் கண்முன் வந்தது. லத்தீபிடம், "யாரிடமும் சொல்லாதே, நான் விசாரித்துக்கொள்கிறேன்" என்று சொன்னேன். அப்போதுதான் அவனைக் கப்பலிலிருந்து கூப்பிட்டார்கள். தலையை ஆட்டிக்கொண்டே ஓடினான். நான் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அல்லாஹ்வுக்கே புகழ், அவன் கேட்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாளும் ஏஜெண்ட் ஆபீஸ் வாசலில் நின்றேன். பினாங்குக்கு டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்தேன். கிடைத்தபோது எதிர்முனையில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வீடு திரும்பும்போது பாயில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உன் அம்மா. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லையென்று தலையசைப்பேன். இதை எழுத வேண்டும் என்று நேற்று இரவெல்லாம் கையில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்: இல்லை என்று தலையசைத்தேன். புதன்கிழமை உன் பெரிய மாமா, "வெள்ளிக்கிழமைக்கு இமாம்கிட்ட சொல்லிரவா மச்சான்?" என்று கேட்டபோது ஆமாம் என்றும் தலையசைத்தேன். உயிரோடு இருக்கலாம் என்று கேள்விப்பட்ட மகனுக்கு ஜனாஸா தொழுகைக்குச் சம்மதித்த தகப்பன் இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது லத்தீப் நம் வீட்டுக்கு வந்தான். புதுக் கைலி, கையில் ஒரு டப்பா அல்வா. சந்தோஷமாக இருக்கும் வீட்டுக்கு வருகிறோம் என்று நினைத்து வந்தவன், வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்து இன்னும் சிரித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தான். ஓதுகிற சத்தம் காதில் விழுந்ததும் முகம் மாறியது.

"யாருக்கு யாசீன் ஓதுறீங்க?"

"எம் மவனுக்கு" என்றாள் உன் அம்மா.

"அவனுக்கா? லாத்தா, காக்கா சொல்லலியா? திங்கக்கெழமையே சொன்னேனே!"

ஓதல் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. லத்தீபை உட்காரச் சொன்னாள். பிறகு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை, நான் கேட்பதைவிட நன்றாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். கண்ணால் பார்த்தாயா? இல்லை. யார் சொன்னது? மீன் வாங்குகிறவர். அவர் பார்த்தாரா? ஊரிலிருந்து படகில் வந்தவர்கள் சொன்னதாம். எத்தனை பேர்? இரண்டு. நடக்கிறார்களா, பேசுகிறார்களா? ஒருத்தன் தொழுகிறான் என்றால் நடக்கிறான்தானே லாத்தா. அவள் கிதாபை மூடி முத்தமிட்டு எடுத்து வைத்தாள். உன் மாமாவிடம், "தொழுவை வேணாம்னு இமாம்கிட்ட சொல்லிருங்க காக்கா" என்றாள். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நாலு நாளா?"

"உறுதியில்லை என்று..."

"நாலு நாளு" என்றாள். அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள். வீட்டில் அடுப்பெரிந்து பல நாள் ஆகியிருந்தது.

பெயர்கள் எழுதிய ஃபாக்ஸ் அடுத்த செவ்வாய்க்கிழமை ஏஜெண்ட் ஆபீஸுக்கு வந்தது. அந்த மேடையில் இருந்தவர்கள் நீயும் சமையல்காரரும். இருவருமே! எனக்கு அது மட்டும் தோன்றவே இல்லை. ஆறு பேரை வேறொரு படகு காப்பாற்றியிருந்தது. இரண்டாவது இன்ஜினியர் மட்டும் கிடைக்கவில்லை. அவர் வீட்டில்தான் இறுதிச் சடங்கு நடந்தது. நான் ஃபாக்ஸின் நகலோடு வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "தெரியும்" என்றாள். வெள்ளிக்கிழமையிலிருந்தே அவளுக்குத் தெரியும். உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். நான் உறுதிக்காகக் காத்திருந்த நாட்களில் அவள் நம்பிக்கையோடு சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம் செய்னம்பு லாத்தா படியில் என்னை நிறுத்தினார். எண்பத்தெட்டுக்குப் பிறகு அவரும் நானும் அதைப்பற்றிப் பேசியதே இல்லை. "என்னாலதான் நீங்க வாயத் தொறக்கலன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீங்க அன்னிக்குச் சொன்னது பொய்யாப் போச்சு. அதுக்கு ஒங்கள நான் ரொம்ப நாள் ஏசியிருக்கேன், தனியா. ஆனா அந்த ரெண்டு நாளு நான் சோறு தின்னேன் தம்பி. தூங்குனேன். அந்த ரெண்டு நாளாவது இருந்துச்சு. இவளுக்கு அதக்கூடக் குடுக்காம வச்சிருந்தீங்களே." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போய்விட்டார்.

நான் இதைப் பல வருடம் யோசித்தேன். லாத்தாவிடம் சந்தேகத்தை மறைத்துச் செய்தியைச் சொன்னேன். உன் அம்மாவிடம் சந்தேகத்தைக் காரணம் காட்டிச் செய்தியையே மறைத்தேன். இரண்டு தடவையும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: "இப்படிக் கேள்விப்பட்டேன், இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். பத்திரிகையில் வாரம் மூன்று தடவை எழுதிய வாக்கியம் அது. வீட்டில் எனக்கு வாயில் வரவில்லை. உன் அம்மாவால் சந்தேகத்தைத் தாங்க முடியாது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். உண்மையில் தாங்க முடியாதவன் நான். அவள் நம்பி, பிறகு பொய்யாகிப்போனால், அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நீயும் ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். டாக்டர் என்ன சொன்னார், படகு எப்போது திரும்பும், வேலை போகுமா இருக்குமா என்று எத்தனையோ அரைகுறைச் செய்திகள் உன் கைக்கு வரும். அரைகுறையாகவே அவளிடம் கொடுத்துவிடு. அது எவ்வளவு அரைகுறை என்பதையும் சேர்த்துக் கொடு. மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

நீ வீடு வந்து ஐந்து மாதம் இருந்துவிட்டு, படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலைக்கென்று மறுபடியும் அந்த ஊருக்கே போனபோது, உன் அம்மா தடுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு உன் தொலைபேசி அழைப்பை அவளே எடுத்தாள், உன் கடிதங்களை அவளே முதலில் பிரித்தாள். அவளுக்குப் பிறகு நான் படித்தேன். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. எனக்கு ஆதாரம் உன் கடிதங்களும் நான்கு படங்களும்தான். கண்டல் மரங்களுக்கு நடுவே ஆறு கடலில் கலக்கும் இடம். சேற்றில் கால் ஊன்றி நிற்கும் நாற்பது ஐம்பது வீடுகள், தெருவுக்குப் பதில் பலகைப் பாலம். நாளுக்கு இரண்டு தடவை வீட்டின் அடியில் தண்ணீர் வந்து போகும். பாய்களில் அவித்த நெத்திலி காயும். தகரக் கூரைப் பள்ளிவாசல். கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் கடலுக்குள் வரிசையாக அந்த மேடைகள், நடந்துபோகும்போது நின்றுவிட்ட பூச்சிகளைப்போல. ஒரு மேடையின் பொறுப்பாளர் பாக் ஹசன். உன்னைத் தூக்கி எடுத்தவர். நூராயினியின் தகப்பனார்.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன். உன் அம்மா தன்லியினுக்குப் போனது லத்தீபைப் பார்க்க. அவன் இப்போது கப்பலை விட்டுவிட்டான், முதுகு வலி. வேலையில் இருந்தபோது பெலவான் போன இரண்டு தடவை அந்த ஊருக்கும் போய் வந்திருக்கிறான். அவனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அன்றைக்கு அந்தச் செய்தி மீன் வாங்குகிறவரிடம் எப்படி வந்தது? நான் இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. ஆதாரத்தின் ஆதாரம் யார் என்று நான் தேடவே இல்லை. லத்தீப் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

உங்கள் இருவரையும் மேடைமேல் ஏற்றியபோது நீங்கள் பேசும் நிலையில் இல்லை. உன் தோளில் காயம், சமையல்காரருக்குக் காய்ச்சல். கரையிலிருந்து படகு வருவதோ வாரத்துக்கு ஒன்று. பாக் ஹசன் உங்கள் கைலி முடிச்சைப் பார்த்து பர்மாக்காரர்கள் என்று தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து மேடைப் பக்கமாகப் போன ஒவ்வொரு மீன்பிடிப் படகையும் கூவி நிறுத்தி, "பர்மாக் கப்பல் எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள், இங்கே இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் பிழைப்பீர்களா என்று அவருக்கே தெரியாது. அந்தக் கரையில் அப்படித்தானாம். கடலில் யாரையாவது எடுத்தால், ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே செய்தியைப் படகுகளிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கேயோ ஒரு வீட்டில் ஒருவர் காத்திருப்பார், அவரைத் தேடிக்கொண்டு செய்தி தானாகப் போகட்டும் என்று.

இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா நேற்று என்னிடம் சொன்னாள்: "பேரு கூடத் தெரியாம எனக்குச் சேதி அனுப்பியிருக்காரு அந்த மனுசன். நான் யாருன்னே தெரியாது அவருக்கு. அந்த வீட்டுல பொண்ணு எடுக்க எனக்கென்ன யோசனை?" பிறகு, "இனி அங்கேருந்து எனக்குச் சேதி வந்துரும். ஒங்கள நம்பி இருக்க வேணாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஏழு வருடத்தில் அந்த நான்கு நாளைப் பற்றி அவள் சிரித்துப் பேசியது இதுவே முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்டேன். "இத்தன வருசமா எங்க போயிருந்துச்சு அது?" என்றாள். ஆனால் தேநீரை எனக்கும் சேர்த்துத்தான் போட்டாள்.

பாக்கி இருப்பவை: உன் அம்மாவின் பாஸ்போர்ட்டும் என்னுடையதும். இன்று காலை போய் மனு கொடுத்தோம். என் தகப்பனார் பெயர் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருப்பதால், வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு சான்று வேண்டுமாம். வருகிற திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தோனேசிய விசாவுக்கு உன் அழைப்புக் கடிதம் வேண்டும். இதைப் படித்ததும் அனுப்பு. பாஸ்போர்ட் எப்போது கிடைக்கும் என்று யாரும் எழுத்தில் தரவில்லை. ஜன்னலில் இருந்த குமாஸ்தா ஒருவர், ஐந்து வாரம் ஆகலாம் என்றார். வேறு யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்ததும் உன் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"ஒருத்தரு சொன்னதுதானே? அப்ப நான் ஏழு வாரம்னு வச்சிக்கிறேன்" என்றாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பெருநாளுக்கு அதற்கு மேலும் பத்து நாள் இருக்கிறது.

உன் அத்தா